ஒரு சிம்பொனியை நடத்தத் தயாராவது எப்படி: ஸ்கோரைத் திறப்பதிலிருந்து முதல் ஒத்திகை வரை, அப்புறம் வேலை வரை

கண்டக்டிங், அதாவது ஆர்கெஸ்ட்ரா எனும் பெரிய வாத்தியக் குழுவை முன்னால் நின்று கையசைவால் நடத்துவதை, கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் கையிலிருந்து தொடங்குகிறார்கள். புதிதாக வாங்கிய பேட்டன் (நடத்தும் குச்சி), வீட்டில் ஒரு நிலைக்கண்ணாடி, காதில் பிடித்தமான ஒரு பதிவு. பாட்டுக்கு ஏற்றபடி கை அழகாகவே அசையும். அதே ஆளை ஓர் ஆர்கெஸ்ட்ரா முன்னால் நிறுத்தினால் பத்து வினாடியில் எல்லாம் சிதறிவிடும். வீட்டில் இசை முன்னால் போனது, கை பின்தொடர்ந்தது. மேடையில் கைதான் முன்னால் போக வேண்டும். எங்கே போவது என்று அதற்குத் தெரியாது.

அதனால் இந்த வழிகாட்டியில் கை ஆறாவது படியில்தான் வரும். எடுத்துக்காட்டுக்கு பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் முதல் மூவ்மென்ட்டை (நான்கு பகுதிகளில் முதலாவதை) எடுத்துக்கொள்கிறேன். ஸ்கோர், அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒரே பக்கத்தில் இருக்கும் இசைத்தாள், இலவசமாகக் கிடைக்கும், எல்லாருக்கும் காதில் இருக்கும். அதன் முதல் ஐந்து பார்களில் (பார் என்பது தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட தாள அளவு) விழாத புதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

1. தொடங்குவதற்கு முன் இருக்க வேண்டியவை

பியானோ ஓரளவுக்காவது வர வேண்டும். கச்சேரி செய்யும் தரம் வேண்டாம். நான்கு வரிகளை ஒரே நேரத்தில் பார்த்து, தடவித் தடவியாவது வாசிக்க முடிந்தால் போதும். ஸ்கோரில் இருப்பதை ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் கேட்க வேறு வழி இல்லை.

ஆர்கெஸ்ட்ரா வாத்தியம் ஒன்றையும் கற்று, குழுவுக்குள் உட்கார்ந்து வாசித்திருக்க வேண்டும். பம்பாயிலிருந்து 1954இல் வியன்னாவுக்குப் படிக்கப் போன ஜூபின் மேத்தா அங்கே டபுள் பேஸ் வாசித்தார். பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் முன்னால் நிற்பவரின் எந்த அசைவு புரிகிறது, எது வெறும் நாடகம் என்று தெரியும்.

மூன்றாவது, காது. நண்பர் ஒருவரைப் பியானோவில் நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் அழுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அதில் ஒரு சுரத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எது மாறியது, மேலேயா கீழேயா என்று உடனே சொல்ல வேண்டும். தினமும் பத்து நிமிடம் போதும். ஒத்திகையில் நீங்கள் செய்யப்போகும் முக்கால்வாசி வேலை இதுதான்.

நான்காவது, கிளெஃப்: எந்தக் கோடு எந்தச் சுரம் என்று வரியின் தொடக்கத்தில் சொல்லும் குறி. வயோலா ஆல்ட்டோ கிளெஃபில் இருக்கும். செல்லோவும் பசூனும் அவ்வப்போது டெனர் கிளெஃபுக்குத் தாவும். இதைப் பழக நல்ல ஏணி ஒன்று உண்டு. முதலில் பாக்கின் நான்கு குரல் கோரல்களை, ஒவ்வொரு குரலும் தன் பழைய கிளெஃபில் இருக்கும் பதிப்பில் வாசியுங்கள். அப்புறம் ஹைடனின் ஸ்டிரிங் குவார்ட்டெட்டுகள் (இரண்டு வயலின், வயோலா, செல்லோ). அதற்கு அப்புறம் ஹைடன் சிம்பொனி ஒன்று. குவார்ட்டெட்டைத் தாண்டிவிட்டுச் சிம்பொனிக்குப் போகிறவர்கள் வயோலா வரியைக் கடைசிவரை பார்ப்பதே இல்லை. உள்ளே தவறு நடந்தாலும் அவர்கள் காதில் விழாது.

2. ஸ்கோரும் பார்ட்டும் ஒரே பதிப்பா என்று பாருங்கள்

பார்ட் என்பது ஒரு வாத்தியத்துக்கு மட்டுமான தாள். ஒப்பிட்டுப் பார்ப்பது சலிப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல் ஒத்திகைக்குப் போனால் அரை மணி நேரம் வீண். பழைய பிரைட்கோப் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஜொனாதன் டெல் மார் தொகுத்த பேரன்ரைட்டர் பதிப்பு விலைக்குக் கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையே சுரங்களிலும் அடையாளக் குறிகளிலும் வேறுபாடுகள் உண்டு. நீங்கள் ஒன்றை வைத்துக்கொண்டு, இடம் காட்டும் எழுத்தைச் சொல்லி, "எஃப் எழுத்திலிருந்து" என்பீர்கள். வாசிப்பவர் பார்ட்டில் எஃப் வேறு இடத்தில் இருக்கும், அல்லது பார் எண்ணே இருக்காது.

பார்ட்டுகள் எந்தப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள். அதே ஸ்கோரைக் காகிதத்தில் வாங்குங்கள். எண் இல்லையென்றால் உட்கார்ந்து போடுங்கள். ஃபோன் திரையில் ஸ்கோர் படிக்காதீர்கள்: ஒரு பக்கத்தில் பன்னிரண்டு வரிகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகக் கண்ணில் பட வேண்டும்.

3. பதிவைக் கேட்காமல் முதல் வாசிப்பு

ஒரு பதிவை இருபது முறை கேட்டவர் அந்தக் கண்டக்டரின் வேகத்தையும் இழுப்பையும் ஸ்கோரில் எழுதியிருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார். தாளில் இல்லாத ஒன்றை ஒத்திகையில் கேட்பார். ஏன் என்று கேட்டால் பதில் இருக்காது. ஐந்தாவது சிம்பொனி ஏற்கெனவே காதில் இருப்பதால் முழுக்கத் தப்பிக்க முடியாது. படிக்கும் வாரங்களிலாவது போட்டுக் கேட்காதீர்கள்.

முதலில் கட்டடத்தைப் பாருங்கள். இந்த மூவ்மென்ட்டில் 502 பார்கள். கருப்பொருளை அறிமுகப்படுத்தும் எக்ஸ்பொசிஷன் 124ஆவது பார் வரை, அதை மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டும். அதை விரித்துப் பார்க்கும் டெவலப்மென்ட் 125இலிருந்து 247 வரை. அறிமுகம் திரும்பி வரும் ரீகேப் 248இல் தொடங்குகிறது. 374இலிருந்து முடிவுப் பகுதியான கோடா. நீளத்தைக் கணக்குப் போடுங்கள்: 124, 123, 126, 129. வால் என்று பெயர் பெற்ற கோடாதான் நான்கிலும் நீளம். இது தெரியாதவர் ரீகேப் முடியும்போதே உச்சத்துக்குப் போய்விடுவார். மிச்சம் 129 பார்களுக்கு அவரிடம் பலம் இருக்காது, ஆர்கெஸ்ட்ராவிடமும் இருக்காது.

அப்புறம் பார்களைக் கூட்டிப் பாருங்கள். 2/4 (பாருக்கு இரண்டு தட்டு) என்று எழுதியிருந்தாலும் ஒரு பாருக்கு ஒரு தட்டுதான். அதை 502 தனித்தனித் தட்டுகளாக நினைத்தால் இசை கொத்திக்கொண்டே போகும். நான்கு பார் ஒரு சொல், சில இடங்களில் இரண்டு, சில இடங்களில் ஆறு என்று எங்கே மூச்சு விழுகிறது என்று பென்சிலால் சிறு கோடு போடுங்கள். ஆவர்த்தனக் கணக்கு பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

குறிகள் குறைவாக இருக்கட்டும். ஐந்து வண்ணத்தில் கோலம் போட்ட ஸ்கோரில் நடத்தும்போது எதுவும் கண்ணில் படாது. நீண்ட ஓய்வுக்குப் பின் யார் நுழைகிறார், திடீரென்று எங்கே ஒலி குறைகிறது, இந்த இரண்டு மட்டும் போதும்.

4. ஒவ்வொரு வரியையும் பாடுங்கள்

முதல் வயலினை மட்டும் பாடினால் போதாது. இரண்டாவது வயலின், வயோலா, செல்லோ, பசூன் என்று தனித்தனியாக, முழுதும். பிறகு ஒரு வரியைப் பாடிக்கொண்டே இன்னொன்றைப் பியானோவில் வாசியுங்கள். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பாடிப் பார்த்தால்தான் ஒரு வரியில் மூச்சு எங்கே முட்டுகிறது என்று தெரியும், அதே இடத்தில்தான் ஊதுகிறவருக்கும் முட்டும்.

இங்கே எல்லாரும் தடுக்கி விழும் கல், இடம் மாறி ஒலிக்கும் வாத்தியங்கள்: தாளில் எழுதிய சுரம் ஒன்று, காதில் விழும் சுரம் வேறு. இந்த மூவ்மென்ட்டில் கிளாரினெட் பி ஃபிளாட்டில், ஹார்ன் ஈ ஃபிளாட்டில். கிளாரினெட் தாளில் 'சி' என்றிருந்தால் காதில் விழுவது பி ஃபிளாட். ஹார்னில் அதே 'சி', ஈ ஃபிளாட்டாக, அதாவது ஒரு மேஜர் சிக்ஸ்த் (ஒன்பது அரைச்சுரம்) கீழே ஒலிக்கும். டபுள் பேஸ் எழுதியதற்கு ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே. டிரம்பெட் இங்கே சி-யில் இருப்பதால் எழுதியபடியே.

என் முதல் ஒத்திகை ஒன்றில் கிளாரினெட்காரரிடம், "அது ஜி இல்லையா?" என்று கேட்டேன். காதில் விழ வேண்டிய சுரத்தைச் சொன்னேன். அவர் தன் தாளில் இருந்த ஜி-யை வாசித்தார். இன்னும் மோசமாயிற்று. நான் மறுபடி ஜி என்றேன். நாலாவது முறை அவர் எழுந்து வந்து என் ஸ்கோரில் விரல் வைத்துக் காட்டினார். அன்றிலிருந்து ஒரே பழக்கம்: "எழுதியிருக்கும் ஜி" அல்லது "ஒலிக்கும் ஜி" என்று சேர்த்தே சொல்வேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

5. ஒத்திகைக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவுகள்

"வாசிக்கச் சொல்லிப் பார்த்து முடிவு செய்யலாம்" என்பது ஆர்கெஸ்ட்ராவின் நேரத்தில் வீட்டுப்பாடம் செய்வது. ஒத்திகையில் மனம் மாறலாம், தப்பில்லை. மாறுவதற்கு முதலில் ஒரு முடிவு இருக்க வேண்டும்.

வேகம்: பீத்தோவன் போட்ட மெட்ரோனோம் குறி மினிமுக்கு (இங்கே ஒரு முழுப் பார் நீளச் சுரம்) 108, அதாவது நிமிடத்துக்கு 108 பார். எக்ஸ்பொசிஷனை இரண்டு முறை சேர்த்தால் 626 பார். ஃபெர்மாட்டாக்களை (சுரத்தை நீட்டிப் பிடிக்கச் சொல்லும் குறிகளை) விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஆறு நிமிடத்துக்கும் குறைவு. பெரும்பாலான பதிவுகள் ஏழு நிமிடத்தைச் சுற்றியே இருக்கின்றன. இந்த வேகத்தில் உங்கள் ஸ்டிரிங் பிரிவால் தொடக்கத்தில் வரும் மூன்று குட்டிச் சுரங்களைத் தெளிவாக வாசிக்க முடியுமா? மாணவர் ஆர்கெஸ்ட்ரா என்றால் நான் 96க்குப் பக்கத்தில் தொடங்குவேன். தெளிவு வந்தபின் வேகம் தானாக ஏறும்.

ஃபெர்மாட்டா: முதல் ஃபெர்மாட்டா இரண்டாவது பாரில், ஒரே பார். இரண்டாவது, நான்காவது பாரிலிருந்து ஐந்தாவதுக்குக் கட்டி எழுதியது. எனவே அது நீளம். இரண்டையும் ஒரே அளவாகப் பிடிப்பது புதியவர்களின் நிரந்தரத் தவறு. எவ்வளவு பிடிப்பது, முடித்தபின் மௌனம் விடுவதா, உடனே அடுத்ததற்குப் போவதா என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்.

303ஆவது பார்: எக்ஸ்பொசிஷனில் 59இல் ஹார்ன்கள் முழங்கும் அழைப்பு, ரீகேப்பில் சி மேஜரில் பசூன்களுக்கு எழுதப்பட்டிருக்கிறது. அன்றைய ஈ ஃபிளாட் ஹார்னில் அந்தச் சுரங்கள் சரியாக வராது. இன்றைய ஹார்னில் தாராளமாக வரும். சிலர் ஹார்னுக்குக் கொடுக்கிறார்கள், சிலர் பசூனிலேயே விடுகிறார்கள். நான் பசூனிலேயே விடும் கட்சி. மாற்றுவதாக இருந்தால் ஒத்திகைக்கு முன்பே பார்ட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த இடம் வந்தபின் சொல்லாதீர்கள்.

268ஆவது பார்: ஓபோ மட்டும் தனியாக, மெதுவாகப் போகும் ஒரு சின்ன அடாஜியோ பாடுகிறது. அங்கே கையைக் கீழே போடுங்கள். தட்டிக்கொண்டிருந்தால் ஓபோகாரருக்கு மூச்சுவிட இடம் இருக்காது. அவர் முடிப்பதைக் கேட்டுவிட்டு மற்றவர்களை உள்ளே எடுத்தால் போதும்.

வில் போக்கு: வில் மேலேயா கீழேயா என்பதைக் கான்சர்ட் மாஸ்டரோடு (முதல் வயலின்களின் தலைவர்) ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து பேசி, எல்லா ஸ்டிரிங் பார்ட்டுகளிலும் குறித்துவிட வேண்டும். நீங்கள் வயலின்காரர் இல்லை என்றால் அவர் சொல்வதைக் கேளுங்கள். எப்படி ஒலிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், எந்த வில்லில் அது வரும் என்று அவர் சொல்வார்.

6. இப்போது கை

தாளம் போட்டுப் பழகிய கைக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. நாம் தாளம் போடும்போது தட்டும் பாட்டும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன. தட்டு கணக்கைக் காட்டுகிறது. கண்டக்டரின் கை அடுத்து வரப்போவதைச் சொல்ல வேண்டும். தட்டு விழுவதற்கு முந்தைய அசைவில்தான் வேகம், ஒலி அளவு, குணம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. அதைத்தான் முன்தட்டு என்கிறேன். கர்நாடக சங்கீதம் கற்ற பலர் தட்டைத் துல்லியமாகப் போடுவார்கள், முன்தட்டே இருக்காது.

ஐந்தாவது சிம்பொனியின் தொடக்கத்தை அனாகத எடுப்பு (தட்டு விழுந்தபின் பாட்டு தொடங்குவது) என்று நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். முதல் பாரின் தட்டில் இசை இல்லை, ஒரு சின்ன இடைவெளி. அதன் பிறகே மூன்று சுரங்கள். எனவே கை மேலே எழும் வேகத்திலேயே வாசிப்பவர்களுக்கு வேகம் தெரிந்துவிட வேண்டும். கீழே வந்து தொடும் இடம் கூர்மையாக இருக்க வேண்டும். ஒரே ஒரு முன்தட்டு. பயத்தில் இரண்டு கொடுத்தால் பாதிப் பேர் முதலாவதிலேயே நுழைந்துவிடுவார்கள்.

இரண்டாவது பாரில் தட்டு, கை அப்படியே நிற்க வேண்டும். முடிக்கும் அசைவையே அடுத்த நுழைவுக்கு முன்தட்டாக ஆக்கலாம். மௌனம் வேண்டுமென்றால் முடித்துவிட்டுத் தனி முன்தட்டு கொடுங்கள். நான்காவது பாருக்கு ஒரு தட்டு, ஐந்தாவதற்கு ஒரு தட்டு, அதற்கு மேல் பிடி. நான்கை விழுங்கிவிட்டால் பார் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் குழம்புவார்கள்.

ஆறாவது பாரில்தான் உண்மையான பொறி. அதுவரை ஸ்டிரிங்குகளும் கிளாரினெட்டுகளும் முழு பலத்தில் வாசித்தார்கள். இப்போது இரண்டாவது வயலின் மட்டும் மெல்லிய ஒலியில் நுழைகிறது, அடுத்த பாரில் வயோலா, அதற்கடுத்து முதல் வயலின். ஐந்தாவது பாரைப் பெரிய வீச்சில் முடித்து, அதே வீச்சில் ஆறாவதைக் கொடுத்தால் இரண்டாவது வயலின் சத்தமாகத்தான் வரும். அவர்களைத் திட்டிப் பயனில்லை, உங்கள் கை சத்தமாக இருந்தது. முடித்தபின் கையைச் சுருக்கி, உள்ளங்கை அகல முன்தட்டு கொடுத்தால் போதும்.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பல ஆர்கெஸ்ட்ராக்கள் தட்டு விழுந்த சற்றுப் பின்னரே ஒலிக்கும். புதியவர் அந்த ஒலிக்காகக் காத்திருப்பார். அவர் காத்திருப்பதைப் பார்த்து ஆர்கெஸ்ட்ராவும் காத்திருக்கும். இருபது பாருக்குள் வேகம் விழுந்துவிடும். காதுக்காக நிற்காமல், மனத்தில் ஓடும் வேகத்திலேயே கையைத் தொடருங்கள். முதல் சில முறை தரை நழுவுவது போல இருக்கும்.

கண்ணாடி முன் பழக வேண்டாம். கண் அழகைப் பார்க்கத் தொடங்கினால் காது மூடிக்கொள்ளும். அதற்குப் பதில் மூன்று நண்பர்களை உட்காரவைத்து, பேசாமல் ஒரு முன்தட்டு கொடுத்து, அவர்களை "தத்தத்தா" என்று நுழையச் சொல்லுங்கள். மூவரும் நீங்கள் நினைத்த வேகத்தில் ஒன்றாக நுழைந்தால் சரி. இல்லையென்றால் தவறு அவர்களுடையது அல்ல. இடது கை வலது கையைக் காப்பியடிக்கிறதா என்பதையும் அவர்களையே கவனிக்கச் சொல்லுங்கள்.

7. ஒத்திகைக்கு நேர அட்டவணை

முழுச் சிம்பொனி என்றால் ஒன்றிலிருந்து நான்கு வரை வரிசையாகப் போகாதீர்கள். பிக்கலோ, கான்ட்ராபசூன், மூன்று டிராம்போன் ஆகிய ஐந்து பேருக்கு நான்காவது மூவ்மென்ட்டில் மட்டும்தான் வேலை. நான்காவதை முதலில் எடுத்து முடித்து அவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டு மணி நேரம் சும்மா உட்காரவைத்தவரை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒரு பகுதியை எடுத்தால் முதலில் நிறுத்தாமல் கடைசிவரை ஓட்டுங்கள். தங்கள் தவறு வாசிப்பவர்களுக்கே தெரியும். இரண்டாவது முறையும் அதே இடத்தில் தவறினால்தான் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பிசகுக்கும் நிறுத்துபவர் ஒத்திகை முடியும்போது 60ஆவது பாரைத் தாண்டியிருக்க மாட்டார். இடைவேளைக்கும் முடிவுக்கும் சொன்ன நேரம் சொன்ன நேரம்தான். தொழில்முறைக் குழுவில் தாண்டினால் அது பணக் கணக்கு.

8. நிறுத்தினால் பேசும் வரிசை

முதலில் யார், அடுத்து எந்த இடம், கடைசியாக என்ன. "வயோலா, 7ஆவது பார், ஒலி இன்னும் குறைவாக." அவ்வளவுதான். "விதி கதவைத் தட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கினால் பின்வரிசையில் ஃபோன் வெளியே வரும். இடம் சொன்னபின் எல்லாரும் கண்டுபிடிக்க இரண்டு வினாடி விடுங்கள். உடனே கை தூக்கினால் பாதிப் பேர் தேடிக்கொண்டிருப்பார்கள். திருத்தியது சரியாக வந்தால் அதையும் ஒரு தலையசைப்பில் சொல்லிவிடுங்கள்.

9. ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் யாரை வைத்துப் பழகுவது?

இரண்டு பியானோகாரர்கள் கிடைத்தால் போதும். ஐரோப்பியக் கல்லூரி வகுப்புகளே பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. அதுவும் இல்லையென்றால் பாடகர் குழு. சென்னை, திருநெல்வேலி, நாகர்கோவில், யாழ்ப்பாணம் எங்கும் நான்கு குரலில் பாடும் தேவாலயக் குழுக்கள் இருக்கின்றன. அங்கே முன்தட்டும் மூச்சும் ஒன்று என்பது ஒரே மாதத்தில் புரியும். நீங்கள் மூச்செடுக்காமல் கை தூக்கினால் அவர்களால் நுழையவே முடியாது.

10. படிப்பும் வேலையும்

ஜெர்மனி, ஆஸ்திரியா இசைப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வில் பொதுவாகப் பியானோ, காதுத் தேர்வு, ஸ்கோரைப் பார்த்து உடனே வாசித்தல், ஒரு குழுவையோ இரண்டு பியானோக்களையோ நடத்துதல் இவ்வளவும் இருக்கும். கை கடைசியில்தான் வருகிறது பாருங்கள். ஜெர்மன் மொழிச் சான்றிதழும் பெரும்பாலும் கேட்பார்கள். செலவைப் பொறுத்தவரை, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட், ஃபிரைபுர்க் எல்லாம் அதில் அடக்கம். மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் முன் பாருங்கள்.

ஜெர்மானிய ஆப்பரா அரங்குகளில் வேலை ஏணியின் முதல் படி கோரெபெட்டிட்டோர். பியானோவில் உட்கார்ந்து பாடகர்களுக்குப் பாடம் சொல்லும் வேலை. அங்கிருந்து அவ்வப்போது நடத்தும் பொறுப்பு, இரண்டாவது கபெல்மைஸ்டர் (அரங்கின் கண்டக்டர்), முதல் கபெல்மைஸ்டர், கடைசியில் தலைமை இசை இயக்குநர். பியானோ சுமார் என்றால் இந்தப் பாதை முதல் படியிலேயே அடைபட்டுவிடும். அமெரிக்காவில் உதவிக் கண்டக்டராகச் சேர்கிறார்கள். ஸ்கோரோடு அரங்கில் உட்கார்ந்து எந்த வாத்தியம் அமுங்குகிறது என்று கேட்டுச் சொல்ல வேண்டும்; முதன்மைக் கண்டக்டருக்குக் காய்ச்சல் வந்தால் அன்று மாலை மேடை உங்களுடையது. வாரா வாரம் தயாராகி, வருடக்கணக்கில் கூப்பிடாமலேயும் போகலாம்.

மூன்றாவது வழி போட்டிகள்: பெசான்சோன், கோபன்ஹேகனின் மால்கோ, பாம்பெர்கின் மாலர் போட்டி. மாலர் போட்டியை முதன்முதலில் 2004இல் வென்றவர் குஸ்தாவோ டூடமெல். பெரும்பாலானவற்றில் வயது வரம்பு உண்டு, முதல் சுற்று வீடியோவில்தான். அந்த வீடியோவில் நல்ல ஆட்கள் பலர் அடிபடுகிறார்கள். கச்சேரியைப் பார்வையாளர் பக்கத்திலிருந்து எடுத்து அனுப்புகிறார்கள். அதில் நடுவருக்குத் தெரிவது உங்கள் முதுகு. கேமராவை ஆர்கெஸ்ட்ராவுக்குள், ஓபோவுக்குப் பக்கத்தில் உங்கள் முகம் பார்த்து வையுங்கள். வெட்டி ஒட்டாமல் அனுப்புங்கள். கச்சேரியோடு ஒத்திகையில் பத்து நிமிடத்தையும் எடுத்துவையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மைக் உங்கள் பேச்சைத் தெளிவாகப் பிடிக்கிறதா என்று முந்தின நாளே சோதித்துக்கொள்ளுங்கள்.